கவுண்டரை விட்டு எழுந்திருக்கும் தைரியம் எங்கிருந்து வருகிறது? (கிளார்க் டூ ஆபீசர்)

அம்பைக்காரி:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரசு வங்கிக் கிளையில் கேஷ் கவுண்டரில் இருக்கிறேன். வயது 39. 2011 கடைசியில் ஐபிபிஎஸ் (வங்கிகளுக்கு ஆள் தேர்வு நடத்தும் நிறுவனம்) முதன்முதலாக நடத்திய கிளார்க் பொதுத் தேர்வில் தேறி 2012-ல் சேர்ந்தவள். அதற்குப் பிறகு கிளை ஒருமுறை மாறியது. உட்காரும் இடம் மட்டும் அதே கண்ணாடிக்குப் பின்னால்தான்.

போன வாரம் பதவி உயர்வுச் சுற்றறிக்கை வந்தது. கிளார்க்கிலிருந்து ஸ்கேல் 1 ஆபீசர், அதாவது ஆபீசர்களில் முதல் படி. நான் விண்ணப்பிக்கத் தகுதி பெற்ற பிறகு வரும் நான்காவது அறிக்கை இது. முதல் தடவை மகன் சின்னப் பையன் என்று விட்டேன். இரண்டாம் தடவை கொரோனா. மூன்றாம் தடவை விண்ணப்பித்து, ஹால் டிக்கெட்டும் எடுத்து, தேர்வன்று காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. காய்ச்சல் இல்லை. இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை, இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

பயம் என்னவென்றால், ஆபீசர் ஆனால் இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். எங்கள் வட்டாரத்தில் போன தடவை தேறியவர்களில் இரண்டு பேர் குஜராத், ஒருவர் ஒடிசா. எனக்கு இந்தி எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். மகன் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. கணவர் உரக்கடை வைத்திருக்கிறார், கடையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வர முடியாது. மாமியாருக்கு இரண்டு வேளை இன்சுலின் நான்தான் போடுகிறேன். அப்புறம் கடன் கோப்புகளில் கையெழுத்துப் போட வேண்டும், அது வேறு.

சம்பளத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். 2024 மார்ச்சில் வங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் கையெழுத்திட்ட 12-வது இருதரப்பு ஊதிய ஒப்பந்தப்படி இப்போது என் அடிப்படைச் சம்பளம் 55,060. ஆபீசர் ஸ்கேல் 48,480-ல் தொடங்கி 85,920 வரை போகிறது. என்னைப் போல 14 வருடம் முடித்தவளுக்கு உடனே கையில் பெரிதாக ஏறாது, ஓவர்டைமும் போய்விடும். ஆனால் கிளார்க் ஸ்கேலில் உச்சமே 64,480. இன்னும் மூன்று இன்கிரிமென்ட்டில் அதைத் தொட்டுவிடுவேன். அதற்குப் பிறகு ஓய்வு பெற 18 வருடம் இருக்கிறது.

இந்தத் தடவை மனசு உறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் கிளைக்கு பாட்னாவிலிருந்து ஒரு பெண் புரொபேஷனரி ஆபீசராக வந்தாள். 24 வயது. தமிழில் ஒரு சொல் தெரியாது. பயிற்சிக்காக என் பக்கத்துக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். ஒன்று, இரண்டு என்று எண்களை மளமளவெனப் பிடித்துக்கொண்டாள். தொண்ணூறு, தொள்ளாயிரத்தில் வந்து மாட்டிக்கொண்டாள். "அக்கா, எட்டுக்கு எண்பது, எண்ணூறு. ஒன்பதுக்கு ஏன் ஒன்பது இல்லை?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. மாதம் 15-ம் தேதி உரிமைத் தொகை எடுக்க வரும் கூட்டத்தில் ஒரு பாட்டி "தொள்ளாயிரம் மட்டும் குடு தாயி, நூறு கெடக்கட்டும்" என்றார். இவள் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் சிலிப்பில் எழுதிக் காட்டினேன்.

கொஞ்ச நாளிலேயே அதே பாட்டி நேராக அவளிடம்தான் போக ஆரம்பித்தார். கல்லிடைக்குறிச்சியில் தனியாக வீடு எடுத்து, சமைத்து, சுய உதவிக் குழுப் பெண்களோடு பேரம் பேசி, போன மாதம் மாற்றலும் வாங்கிக்கொண்டாள். போகும்போது "அக்கா, நீங்க ஏன் எழுதல?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அவளுக்கு 24, எனக்கு 39 என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் என் 25 வயதிலும் நான் அப்படிப் போயிருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். துணிகிறவர்களுக்கு அந்த உந்துதல் எங்கிருந்து வருகிறது? பிறவியிலேயே வருவதா? கடைசித் தேதிக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செங்கொடி 64:

தோழர், நான் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெறப் போகிறவன். 29 வருட சர்வீஸ். ஆபீசர் ஆகாதவன் வளராதவன் என்று யார் சொன்னது? நிர்வாகத்துக்கு ஆள் வேண்டும், அதனால் சுற்றறிக்கை போடுகிறார்கள். உங்கள் மனசு உறுத்துவதற்காகப் போடவில்லை.

ஆபீசர்களுக்கு நேரம் காலம் கிடையாது. இன்சூரன்ஸ் விற்றாயா என்று ஞாயிற்றுக்கிழமை வீடியோ மீட்டிங். நான் ஐந்தரைக்கு வெளியே வந்து, 46 வயதில் தாமிரபரணியில் நீச்சல் கற்றேன். படித்துறையில் எட்டு வயதுப் பையன்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதுவும் ரிஸ்க்தான், வேட்டி அவிழ்கிற ரிஸ்க்.

ஒரு தகவல் மட்டும். 2014 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் அரசு வங்கிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. திருமணமான பெண் ஊழியர்களை இயன்றவரை கணவர் இருக்கும் ஊரிலோ அதற்குப் பக்கத்திலோ போட வேண்டும் என்று. 'இயன்றவரை' என்ற சொல்லுக்குள் ஒரு மாநிலமே அடங்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் விண்ணப்பத்தோடு கேட்டுப் பார்க்க அது ஒரு பிடி.

ஓய்வுபெற்ற மேலாளர்:

அம்மா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். இந்திக்கு ஒரு வரி, மகனுக்கு ஒரு வரி, கடைக்கு ஒரு வரி, மாமியாருக்கு ஒரு வரி என்று ஒழுங்காக எழுதிவிட்டு, "கையெழுத்துப் போட வேண்டும், அது வேறு" என்று ஓடிவிட்டீர்கள். 36 வருடம் கடன் விண்ணப்பம் படித்தவன் நான். விண்ணப்பதாரர் எந்த இடத்தில் வேகமாகப் பேசுகிறாரோ அந்த இடத்தில் நிறுத்திக் கேட்பது பழக்கமாகிவிட்டது. அந்தக் கையெழுத்து விஷயம் என்ன?

என் கதையைச் சொல்கிறேன். 2001-ல், 41 வயதில், பதவி உயர்வில் மத்தியப் பிரதேசம் போனேன். நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸில் இடார்சி. ஹோஷங்காபாத் மாவட்டம், இப்போது நர்மதாபுரம் என்று பேர் மாற்றிவிட்டார்கள். சோயாவும் கோதுமையும் விளைகிற பூமி. தைரியமாகப் போனேன் என்று நினைக்காதீர்கள். மூத்த பெண்ணின் படிப்புக்குப் பணம் வேண்டியிருந்தது, இடையில் என் மைத்துனன் ஒரு கல்யாண வீட்டில் "மச்சானுக்கு ஊரைத் தாண்டினா சோறு இறங்காது" என்று சொன்னான். பாதிக் காரணம் அந்த ரோஷம். இப்படிச் சில்லறைக் காரணத்துக்காகப் போனதில் எனக்கு வெட்கமில்லை.

உங்கள் பாட்னாப் பெண்ணுக்குத் தொண்ணூறு மாதிரி எனக்கு உன்ஹத்தர். இந்தியில் ஒன்பதில் முடிகிற எண்ணை அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு என்று சொல்வார்கள். 59 உன்சட், 69 உன்ஹத்தர், 79 உன்யாசி. சரி, பிடித்துவிட்டோம் என்று நினைக்கும்போது 89 நவாசி என்று தடம் மாறும். போதாததற்கு ஒன்றரை லட்சம் டேட் லாக், இரண்டரை டாயி லாக், ஒன்றே முக்கால் பௌனே தோ லாக். முதல் மாதம் பௌனே தோ என்பதை இரண்டு லட்சத்து முக்காலோ என்று குழம்பி உட்கார்ந்திருந்தேன். கிளைத் தஃப்தரி (கோப்பு, வவுச்சர் கட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் கடைநிலை ஊழியர்) ஒருவர், என் அப்பா வயது, தினமும் காலையில் வவுச்சர் கட்டுகளைத் தைத்துக்கொண்டே எனக்கு நூறு வரை ஒப்பிக்க வைத்தார். நாற்பது நாளில் வந்துவிட்டது. மொழி பெரிய விஷயமில்லை அம்மா. வாடிக்கையாளருக்குப் பணம் வேண்டும், அவரே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

திரும்பிவந்தவள்:

அக்கா, நான் 2019-ல் ஆபீசராகி, வெளிமாநிலம் போய், ஒன்றே கால் வருடத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு மறுபடி கிளார்க்காக ஊர் வந்தவள். எங்கள் வங்கியில் குறிப்பிட்ட காலத்துக்குள் அப்படித் திரும்ப வழி இருந்தது. உங்கள் வங்கியின் பதவி உயர்வுக் கொள்கையை எடுத்துப் படியுங்கள், அதில் இரண்டு இடங்களைப் பென்சிலால் கோடிடுங்கள். ஒன்று, திரும்ப முடியுமா, எவ்வளவு நாளுக்குள். இரண்டு, தேறிய பிறகு வேண்டாம் என்று மறுத்தால் எத்தனை வருடம் விண்ணப்பிக்க முடியாது. வங்கிக்கு வங்கி இது மாறும். இந்த இரண்டும் தெரியாமல் பயப்படுவது வீண் பயம்.

நான் ஏன் திரும்பினேன் என்றால், என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். வீடியோ காலில் அவள் பேச மாட்டாள், போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். இரவு எட்டரைக்குக் கிளையைப் பூட்டிவிட்டு வந்து அந்தக் கவிழ்த்த போனின் இருட்டைப் பார்ப்பேன். யார் என்ன சொன்னாலும், சில விஷயங்களுக்கு வயதும் காலமும் உண்டு. உங்கள் மகன் பத்தாம் வகுப்பு என்பது தட்டிக்கழிக்கும் சாக்கு இல்லை, உண்மையான காரணம்.

ஆனால் ஊர் வந்த பிறகு இதையும் கவனித்தேன். முன்பெல்லாம் மேலாளர் அறைக்குள் நுழைந்தால் கதவோரம் நின்றுதான் பேசுவேன். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. தோற்றுத் திரும்பியவள் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். மகள் ஆறாம் வகுப்பு போனதும் மறுபடி எழுதுவேன்.

அம்பைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஓய்வுபெற்ற மேலாளர் சார் கேட்டதற்கு இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்துவிட்டேன்.

2016 நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. பழைய 500, 1000 செல்லாது என்று அறிவித்த வாரம். விடுமுறை கிடையாது, சனி, ஞாயிறும் திறந்திருந்தோம். ஓர் ஆளுக்கு 4,000 வரை மாற்றிக் கொடுக்க வேண்டும். வரிசை தேரடி வரை நின்றது. புது 2,000 நோட்டு பழைய நோட்டை விடச் சின்னது, மெல்லியது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ராத்திரி பத்தரைக்குக் கணக்கு முடித்தபோது 18,000 குறைந்தது. ஒன்பது நோட்டு. மூன்று தடவை எண்ணினோம். குப்பைக்கூடையைக் கவிழ்த்து, பேண்டு பேப்பர்களை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை. கேஷியர் குறைத்தால் கேஷியர் கட்ட வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் ஒரு வளையலை அடகு வைத்துக் கட்டினேன்.

அன்றிலிருந்து மெஷின் எண்ணிய கட்டையும் கையால் ஒருமுறை எண்ணாமல் கொடுக்க மாட்டேன். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். எண்ணுவேன்.

அது நோட்டு, எண்ணிவிடலாம். கடன் கோப்பை எப்படி எண்ணுவது? என் முதல் கிளையில் இருந்த மேலாளர் தங்கமான மனுஷர். ஒரு கடனில் போட்ட கையெழுத்துக்காக, ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது குற்றப் பத்திரிகை கொடுத்தார்கள். பிரிவு உபசாரத்துக்கு வாங்கி வைத்த சால்வை பீரோவிலேயே கிடந்தது. கடைசியில் அவர் மேல் தப்பில்லை என்று முடிந்ததாம், ஆனால் அதற்குள் ஆள் பாதியாகிவிட்டார். அந்தக் கோப்புக்கு வவுச்சர் போட்டவள் நான். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, நான் கிளார்க் என்பதால்.

ஆக, எனக்குக் குஜராத்தும் இல்லை இந்தியும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் 18,000-த்தோடு போகும் என்கிற கணக்கு. சொல்லிவிட்டேன். சிரிக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற மேலாளர்:

சிரிக்கவில்லை அம்மா. சால்வை விஷயம் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அப்படி இரண்டு பேர் எனக்கும் தெரியும்.

இந்தப் பயம் நியாயமானது. இது இல்லாத ஆள் கடன் சீட்டில் உட்காரவே கூடாது. எனக்குக் கவலையெல்லாம் பயமே இல்லாமல் கையெழுத்துப் போட்ட ஆட்களைப் பற்றித்தான்.

2002-ல் ஒரு டிராக்டர் கடன் கொடுத்தேன். என் முதல் பெரிய கையெழுத்து. அதற்கு முன்னால் ஸ்கூட்டரில் அந்த ஊருக்கு மூன்று தடவை போனேன். கூடவே ஒரு டைரி வைத்திருந்தேன், எல்ஐசி ஏஜென்ட் கொடுத்த டைரி. போன தேதி, மீட்டர் கிலோமீட்டர், வீட்டில் யார் இருந்தார்கள், வயலில் என்ன நின்றது, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில், பக்கத்து வயல்காரர் என்ன சொன்னார் எல்லாம் எழுதினேன். தமிழில்தான். நான் மாற்றலாகி வந்த பிறகு இரண்டு பருவம் மழை பொய்த்து அந்தக் கடன் வாராக்கடன் ஆனது. 2006-ல் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. டைரியைப் பார்த்துப் பார்த்து நான்கு பக்கம் பதில் எழுதினேன். விஷயம் அதோடு முடிந்தது. கடன் மூழ்கியது உண்மை. நான் போய்ப் பார்த்தது, பார்த்ததை எழுதியது, அதுவும் உண்மை. என் அனுபவத்தில் அதிகம் சிக்கியவர்கள் நேரில் போகாமல் போனதாக எழுதியவர்கள். நல்லவர்களும் சிக்கியதுண்டு, உங்கள் மேலாளர் போல. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நீங்கள் கட்டைக் கையால் எண்ணுகிற ஆள். கோப்பையும் அப்படித்தான் எண்ண வேண்டும். வில்லங்கச் சான்றில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, குழுத் தீர்மானத்தில் எத்தனை கையெழுத்து, உறுப்பினர் எத்தனை. உங்களுக்கு அது வரும்.

விண்ணப்பத்தை ஒதுக்கி வையுங்கள். இப்போதிருக்கும் மேலாளரிடம் போய், மாலை நான்கு மணிக்கு மேல் சுய உதவிக் குழுக் கோப்பு ஒன்றைக் கொடுங்கள், குறிப்பு நான் எழுதிப் பார்க்கிறேன், கையெழுத்து நீங்கள் போடுங்கள் என்று கேளுங்கள். எந்த மேலாளரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், அவருக்கு வேலை மிச்சம்.

செங்கொடி 64:

இதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஆபீசர் வேலையை கிளார்க் ஊதியத்தில் இலவசமாகச் செய்யச் சொல்கிறார் ஐயா. சரி, தோழர் விரும்பிச் செய்தால் நான் குறுக்கே நிற்கவில்லை. வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி தேர்வையாவது எழுதுங்கள். நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 50 எடுத்தால் போதும். ஆபீசர் ஆனாலும் ஆகாவிட்டாலும் இன்கிரிமென்ட் வரும். பதவி உயர்வே வேண்டாம் என்கிற நானே எழுதினேன்.

அம்பைக்காரி:

முதல் பதிவு போட்டு ஐந்து நாள் ஆகிறது. கொள்கையைப் படித்தேன், பென்சில் கோடு போட்டேன். திரும்பிவந்தவள் சொன்ன இரண்டும் அதில் இருக்கின்றன, நான் பயந்த அளவுக்கு மோசமில்லை.

மேலாளரிடம் கேட்டேன். நிஜமாகவே உடனே கொடுத்துவிட்டார், ஒன்று கேட்டால் மூன்று கோப்பு. பீடி சுற்றும் பெண்களின் குழு ஒன்று, 12 பேர், ஆறு லட்சம் கேட்கிறார்கள். தீர்மான நோட்டைக் கையெழுத்துக் கையெழுத்தாக எண்ணினேன். 11 தான் இருந்தது. மறுபடி எண்ணினேன். 11. மேலாளர் அவசரத்தில் பார்த்திருந்தால் தாண்டிப் போயிருக்கும். தலைவியை வரச் சொன்னேன். விடுபட்டவர் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாராம், பாப்பாக்குடி பக்கம். நாளைக்கு இரண்டாவது சனி, விடுமுறை. கணவரின் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். ஒரு பழைய டைரி தேடி எடுத்து வைத்திருக்கிறேன், மீட்டரில் இப்போது 41,306.

விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. ஏழு நாள் இருக்கிறது.

திரும்பிவந்தவள்:

அக்கா, மாமியாரிடம் சொல்லிவிட்டீர்களா?

அம்பைக்காரி:

நேற்று ஊசி போடும்போது சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "எனக்கே போட்டுக்கத் தெரியும், நீ போட்டா வலிக்காதுன்னுதான்" என்றார்கள். இன்று காலை ஊசியை அவர்கள் கையில் கொடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் போட்டார்கள், கொஞ்சம் கை நடுங்கியது.

செங்கொடி 64:

குஜராத் என்றால் சொல்லுங்கள் தோழர், அகமதாபாத்தில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். இட்லி மாவு எங்கே கிடைக்கும் என்பது வரை தெரியும்.